அலுமாரிக் கமராவும் கழுத்துக் கமராவும்

பழைய பிலிம் கமரா வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களை நான் கடைக்குள் இருத்தி வைத்துப் பேசுவதில்லை. கமராவையும் ஆளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்விடுவேன். மரைன் டிரைவைக் கடந்து, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தண்டவாளத்தைத் தாண்டினால் கருங்கல், அதற்கப்பால் கடல். துறைமுகத்துக்குப் போகிற கப்பலோ வருகிற கப்பலோ ஒன்றாவது தொடுவானில் நிற்கும். லென்ஸின் வளையத்தைப் படுத்த எட்டுப் போலிருக்கும் குறி வரை திருப்பிவிட்டு அந்தக் கப்பலைப் பார்க்கச் சொல்வேன். வளையம் முட்டி நிற்கிற இடத்தில் கப்பலின் கம்பங்கள் கூராகத் தெரிந்தால் நல்லது. முட்டி நின்ற பிறகும் கப்பல் புகைமாதிரி இருந்தால், லென்ஸை யாரோ கழற்றிப் பிழையாகப் பூட்டியிருக்கிறார்கள், அல்லது கமரா எங்கேயோ விழுந்து உள்ளேயிருக்கும் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. விற்கிறவரின் வாயை விட எனக்குக் கப்பலில் நம்பிக்கை அதிகம்.

நான் தொழில் பழகியது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோவில். 1985ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயது. காலையில் அடையாள அட்டைப் படம், பின்னேரம் முதல்நன்மை உடுப்போடு வருகிற பிள்ளைகள், சனி ஞாயிறில் கலியாணம். படம் எடுக்கப் பழகியது அங்கே. கமராவைத் திறக்கப் பழகியது மருதானையில், ஒரு சிங்களப் பாஸிடம். கொழும்பில் மேசனும் பாஸ்தான், தச்சனும் பாஸ்தான். இவர் கமராப் பாஸ். என்னை ‘மல்லி’, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கமரா வந்தாலும் ஸ்குறூவைத் தொட முதல் அதைக் காதில் வைத்துக் கேட்பார். டொக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி.

கேட்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். வேகச் சில்லை ஒரு செக்கனில் வைத்து, லீவரை இழுத்து, அமத்த வேண்டும். உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் ‘சர்ர்ர்’ என்று ஓடி ‘டக்’ என்று முடியும். அந்த இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் திக்கினால், மூச்சு வாங்கி நின்று பிறகு போனால், பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கமராக்களில் நோய் பெரும்பாலும் மெதுவான வேகங்களில்தான் தொடங்கும். 1/250, 1/500 எல்லாம் வில்லின் விறைப்பிலேயே ஓடிவிடும். ஒரு செக்கன், அரைச் செக்கன் போன்ற மெதுவானவைதான் அந்தப் பற்சக்கரங்களை நம்பியிருக்கின்றன.

வேகமான பக்கத்தைக் காது பிடிக்காது. அதற்குத்தான் என் கடை மூலையில் 14 அங்குலக் குண்டு ரீவி ஒன்று கிடக்கிறது. வருகிறவர்கள் சிரிப்பார்கள். கமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து ரீவியைப் பார்த்தபடி அமத்தினால், துணிச்சீலை ஷட்டராக இருந்தால் திரையில் சரிந்த ஒளிப்பட்டை ஒன்று மின்னி மறையும். எங்கள் நாட்டு ரீவி செக்கனுக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு, ஆக 15,625 கோடு. 1/500 செக்கன் என்றால் 31 கோடு. திரையின் உயரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. கோடு எண்ண யாராலும் முடியாது, ஆனால் பட்டையின் தடிப்பு கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு முனையில் தடித்து மறு முனையில் மெலிந்தால் இரண்டு சீலையும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. எடுக்கிற படத்தில் வானத்தின் ஒரு பக்கம் கறுத்துப் போகும். இப்போது இதற்கென்று சின்ன எலக்ரோனிக் கருவிகள் வந்துவிட்டன. வாங்கலாம்தான். பாஸ் காட்டித் தந்த வித்தையை விட மனம் வரவில்லை.

போன வருசம் ராமகிருஷ்ணா வீதியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கம்பஸில் இரண்டாம் வருசம். லயனல் வென்ட் அரங்கில் ஏதோ படக் கண்காட்சி பார்த்துவிட்டு, பிலிமில் எடுத்துப் பழக வேண்டும் என்று ஆசை. போனை நீட்டினாள். வெள்ளியும் கறுப்புமாக, துடைத்து மினுக்கிய கனன் ஏஈ-1.

“அங்கிள், இது வடிவா இருக்கு. வாங்கட்டோ?”

“எவ்வளவு சொல்லினம்?”

சொன்னாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன்.

ஏஈ-1ஐ நான் குறை சொல்லமாட்டேன். 1976இல் வந்தபோது அது பெரிய சாமான். உள்ளே கணினிச் சில்லு வைத்த கமரா என்று உலகம் முழுக்க விற்றது. ஆனால் 6 வோல்ற் பற்றரி இல்லாமல் அது அசையாது, ஷட்டர்கூட விழாது. வயதாகும்போது அமத்துகிற நேரம் ‘கீச்’ என்று இருமத் தொடங்கும். கண்ணாடியை ஓட்டுகிற பொறியில் எண்ணெய் வற்றிய சத்தம் அது. இருமலைச் சுகப்படுத்தலாம். எலக்ரோனிக் பலகை போனால் இன்னொரு செத்த ஏஈ-1இலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் விட எனக்குக் குத்தியது விலை. அந்த விலையில் பாதி கமராவுக்கு, மற்றப் பாதி இன்ஸ்டகிராமுக்கு.

“எங்கட வீட்டு அலுமாரியிலயும் ஒண்டு கிடக்கு அங்கிள். பெரியப்பாட. அவர் கனடாவுக்குப் போகேக்கை விட்டிட்டுப் போனது. ஒருத்தரும் பாவிக்கேல்லை, புதுசு மாதிரியே இருக்கு.”

இந்த வசனத்தை நான் நூறு தரம் கேட்டிருப்பேன். வெள்ளவத்தையில் பிலிம் கமரா இல்லாத அலுமாரி குறைவு. 77க்கு முன்பு இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்தக் காலத்துச் சாமானாக என் மேசைக்கு வந்தவற்றில் சோவியத் ஸெனித்தும் கிழக்கு ஜேர்மனிப் பிராக்டிகாவும்தான் அதிகம். 77இல் கதவு திறந்தது, யப்பான் கமரா வந்தது. பிறகு சவூதிக்கும் டுபாய்க்கும் போய் வந்தவர்கள் கழுத்தில் யாஷிகாவோடு வந்து இறங்கினார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு ஊர் கலைந்தது. லண்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் கமராவை விட்டுவிட்டுப் போனார்கள். பத்து வருசம் கழித்து விடுமுறைக்கு வந்தவர்கள் இன்னொரு கமராவைக் கொண்டுவந்து அதையும் விட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் கறுத்தத் தோலுறைக்குள், சாறிகளுக்கும் உறுதிப் பத்திரங்களுக்கும் நடுவில்.

மற்ற நாள் அவள் கொண்டுவந்தது மினோல்டா எஸ்.ஆர்.டி-101. நல்ல சாதி. 1966இல் வெளிவந்தது, முழுக்கப் பொறி, பற்றரி இல்லாமலே ஒரு செக்கனிலிருந்து 1/1000 வரை ஓடக்கூடியது. தோலுறையின் பொத்தானைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது, மழைக்காலத்துச் சப்பாத்து வாசம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மேலே ஒரு கீறல் இல்லை, குரோம் பளபளத்தது. லென்ஸைக் கழற்றி, முன்னாலிருந்து ரோச் லைற்றைச் சாய்த்து அடித்து, பின்னாலிருந்து பார்க்கச் சொன்னேன்.

“ஐயோ, சிலந்தி வலை.”

சிலந்தியில்லை, பூஞ்சணம். கடைசி ஒட்டுக் கண்ணாடிகளுக்கு நடுவில் வேர் விட்டிருந்தது. முன் கண்ணாடியில் இரண்டு நூல் ஓடியிருந்தால் பரவாயில்லை, கழற்றி ஐதரசன் பெரொக்சைட்டில் துடைத்துவிடுவேன். படத்தில் தெரியவும் மாட்டாது. பின் கண்ணாடியில் அடர்ந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கிற படமெல்லாம் பால் தெளித்த மாதிரி வரும். இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசைக்குள் போய்விட்டால் அங்கே என் துணி போகாது. கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் கிருமி போனாலும் தழும்பு போகாது. பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் வைத்த கறுப்புப் பஞ்சு, விரல் பட்டதும் தார்மாதிரி ஒட்டியது. கண்ணாடி மோதுகிற இடத்துப் பஞ்சு தூளாகி உள்ளே உதிர்ந்திருந்தது. பற்றரிக் குழியில் பச்சை. ஒரு செக்கன்? அமத்தினேன், கண்ணாடி மேலே போனது, வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தோம். மேசையில் மெல்லத் தட்டியதும் இறங்கியது.

கொழும்பில் கமராவைக் கொல்வது பாவனையில்லை, அலுமாரி. கடற்காற்று, வருசம் முழுக்க ஈரம், இருட்டு, காற்றோட்டமில்லாத மரப்பெட்டி, அதற்குள் தோலுறை. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல நாற்றுமேடை கிடையாது. ஓடாத பொறியில் எண்ணெய் இறுகும். வாரத்துக்கு ஒரு கலியாணம் எடுத்த கமராவில் வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டே இருக்கும், சக்கரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நான் ‘புதுசு மாதிரி’ என்ற சொல்லைக் கேட்டால் பயப்படுகிறேன். விளிம்பில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிற கமராவைக் கண்டால் கை தானாக அதை எடுக்கும்.

அப்படியொன்று என் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கொட்டாஞ்சேனையில் கலியாணப் படம் எடுத்த ஒருவரின் பென்டாக்ஸ் கே1000. கண் பார்வை குறைந்து தொழிலை விட்டபோது என்னிடம் தந்துவிட்டுப் போனார். மேல்மூடியில் ஒரு பள்ளம், கழுத்து வார் பூட்டும் வளையம் அரைவாசி தேய்ந்தது. கே1000 என்பது 1976இலிருந்து 1997 வரை, பெரிதாக எதையும் மாற்றாமல் செய்துகொண்டே இருந்த கமரா. உள்ளே கவர்ச்சியாக ஒன்றுமில்லை. வேகம், துவாரம், குவியம் மூன்றையும் நீயேதான் வைக்க வேண்டும். வியூபைண்டரின் வலது பக்கம் ஒரு முள் ஏறி இறங்கும். அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி. பற்றரி அந்த முள்ளுக்கு மட்டும்தான், மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிற எல்.ஆர்.44. முள்ளை நிறுத்த சுவிச் கிடையாது, லென்ஸ் மூடிதான் சுவிச். மூடியைப் போட மறந்தால் பற்றரி காலி.

அந்தப் பிள்ளைக்கு அதன் பள்ளம் பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. காதில் வைத்துக் கேள் என்றேன். ஒரு செக்கன் சீராக ஓடியது. ரீவிக்கு முன்னால் பிடித்தோம். பிறகு கடற்கரை, கப்பல். கப்பலில் அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஏனென்றால் இந்தக் கமராவின் நடுவில் பிளவுக் கோடு இல்லை. நுண்பட்டகம் என்கிற சொரசொரப்பான வட்டம்தான். குவியம் பிழைத்தால் அந்த வட்டம் தண்ணீருக்குள் இருக்கிற மணல்மாதிரி மினுங்கும், சரியாக வந்ததும் மினுங்கல் நின்றுவிடும். பிளவுக் கோடு வைத்த கமராக்கள் பழகுகிறவர்களுக்கு இன்னும் சுகம். விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் கம்பம் இரண்டாக முறிந்து தெரியும், வளையத்தைத் திருப்பி முறிவைச் சேர்க்க வேண்டும். கிடையான கோடுகள் மட்டும் இருக்கிற இடத்தில் அது உதவாது. கமராவைச் சரித்துப் பார்த்துக் குவித்துவிட்டு நிமிர்த்த வேண்டும்.

கே1000 கிடைக்காவிட்டால் வேறென்ன என்று கேட்கிறார்கள். யாஷிகா எஃப்எக்ஸ்-3: மேலே ஒட்டிய போலித்தோல் பொடியாக உதிரும், அதைப் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள், மலிவாக விழும். தோல் ஒட்டுவது அரை நாள் வேலை. உள்ளே இரும்பு ஷட்டர், பற்றரி இல்லாமல் ஓடும். பிராக்டிகா எம்டிஎல் 5: இழுக்கிற சத்தம் லொறிக் கதவு மாதிரி, ஆனால் உழைக்கும், அதன் ஸ்குறூ லென்ஸ்கள் கொழும்பில் நிறைய. நிக்கோன் எஃப்எம்2 கேட்டால் இருக்கிறது, ஆனால் அது தொடக்கக்காரரின் விலையில்லை. ஸெனித்-ஈயில் பழகினால் எதிலும் எடுக்கலாம் என்று பாஸ் சொல்வார். எனக்கு உடன்பாடில்லை. துவாரத்தை நீயே மூடினால்தான் மூடும், மூடியதும் வியூபைண்டர் இருட்டும். வேகம் 1/30க்குக் கீழே கிடையாது. அதனோடு வருகிற 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ் லென்ஸ் மட்டும் பொன். ஸெனித்தை வாங்கி லென்ஸை எடுத்துப் பிராக்டிகாவில் பூட்டச் சொல்வேன், இரண்டும் ஒரே ஸ்குறூ.

லென்ஸ் எது என்றால் 50, அவ்வளவுதான். பேர் தெரியாத கொம்பனி சூம் லென்ஸ் கமராவோடு சும்மா வந்தாலும் வேண்டாம் என்பேன். கண்ணாடிகள் அதிகம், பூஞ்சணத்துக்கு அறைகள் அதிகம்.

பிளாஷ் விசயத்தில் நான் ஒரு தண்டனை வாங்கியவன். இதே கே1000 வகைதான். எனக்குப் பத்தொன்பது வயது, முதலாளி முதல் தடவையாக என்னைத் தனியாக ஒரு கலியாணத்துக்கு அனுப்பினார், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். துணிச்சீலை ஷட்டருக்கு பிளாஷ் ஒத்து வருகிற வேகம் 1/60. அதற்கு மேலே போனால் பிளாஷ் மின்னுகிற நேரம் இரண்டாவது சீலை பாதி வழிக்கு வந்துவிடும். நெரிசலில் யாரோ இடித்து, வேகச் சில்லு ஒரு பல் நகர்ந்து 125இல் நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் பிடித்தார், நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இருட்டறையில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தபோது எல்லாப் படத்திலும் அரைவாசிதான் இருந்தது. மணமகள் இருக்கிறாள், தாலிக்கொடி இருக்கிறது, கட்டுகிற கையின் மணிக்கட்டு வரை இருக்கிறது. மணமகன் இல்லை. முதலாளி என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தானே அந்த வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டு, மாலை வாங்கிக் கொடுத்து, இரண்டு பேரையும் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிவந்து மறுபடி உடுத்து எடுத்தார். தாலி கட்டுவதை மட்டும் மறுபடி எடுக்க முடியாது என்று பெண்ணின் தாய் சொல்லிவிட்டா. இன்றைக்கும் ஒவ்வொரு கமராவையும் கையில் எடுத்ததும் என் பெருவிரல் முதலில் போய்த் தடவுவது வேகச் சில்லைத்தான்.

கையிலிருக்கிற காசைக் கமராவிலேயே முடிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். பாதி கமராவுக்கு, மிச்சத்தில் பஞ்சு மாற்றிச் சுத்தம் செய்யக் கொஞ்சம், மற்றது முழுக்கப் பிலிமுக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதே, அதற்குப் பிறகு பிலிம் ரோலைக் கையில் எடுக்கிறபோது நகைக்கடையில் நிற்கிற நினைப்பு வருகிறது. 36 படம் எடுக்கக் காசில்லாதவருக்கு நல்ல கமரா எதற்கு?

கறுப்பு வெள்ளையென்றால் குளியலறையிலேயே கழுவலாம். வெளிநாட்டுப் புத்தகங்கள் மருந்து 20 பாகையில் இருக்க வேண்டும் என்கின்றன. கொழும்புக் குழாய்த் தண்ணீர் 28, 29இல் வரும். ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பைக்குள் கட்டி மருந்துச் சாடிக்குள் தொங்கவிடுவோம், நேராகப் போட்டால் மருந்து நீர்த்துவிடும். கலர் பிலிமுக்கு 38 பாகை வேண்டும், எங்கள் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினால் போதும். குளிர்நாட்டுக்காரர் கலருக்குப் பயப்படுவார்கள், நாங்கள் கறுப்பு வெள்ளைக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது.

கே1000ஐ அவள் எடுத்துக்கொண்டாள். கொடுக்கும்போது இரண்டு வேலை செய்தேன். பற்றரியைக் கழற்றி என் லாச்சிக்குள் போட்டேன். முதல் ரோல் முடிந்த பிறகு வந்து வாங்கு என்றேன். ஏழு பாகை அகலாங்கில் மத்தியான வெயிலுக்கு மீற்றர் எதற்கு? 200 பிலிமுக்கு வேகம் 250, துவாரம் 16 என்று பிலிம் பெட்டிகளில் முந்தி அச்சடித்தே வரும். நான் 11 என்று சொல்லிக் கொடுப்பேன், கலர் நெகட்டிவ் கூடின வெளிச்சத்தைப் பொறுக்கும், குறைந்ததைப் பொறுக்காது. முகில் மூடினால் 8, மர நிழலென்றால் 5.6. இரண்டாவது வேலை, ஒரு சீஆர் கொப்பி. ஒவ்வொரு படத்துக்கும் வேகம், துவாரம், வெயிலா நிழலா என்று எழுதச் சொன்னேன். கமராவை அலுமாரியில் வைக்காதே, மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வை என்றேன். அரிசிக்குள் வைக்கலாமாமே என்றாள். அரிசி சமைக்க.

பெரியப்பாவின் மினோல்டாவை நான் காசுக்கு எடுக்கவில்லை. லென்ஸ் போய்விட்டது, உடம்பைத் திறந்து கழுவி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பழைய பாதரசப் பற்றரி இப்போது வராது, காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பற்றரியைச் சுற்றி ஒரு வளையம் வைத்தால் அதன் மீற்றர் ஏறக்குறைய சரியாகக் காட்டுகிறது. லென்ஸ் ஒன்று அகப்பட்டால் அவளுக்குச் சொல்ல வேண்டும். தோலுறையை அவளே குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஆறு கிழமை கழித்து வந்தாள், கொப்பியோடும் கழுவிய பிலிமோடும். 36இல் பதினொன்று குவியம் தப்பியது, நாலு கறுத்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரிகளுக்கு முன்னால் நின்ற ஒரு கிழவியின் கை மட்டும் எடுத்திருந்தாள், துவாரம் 2, வேகம் 30 என்று கொப்பியில் இருந்தது. கொஞ்சம் ஆடியிருந்தாலும் நான் அதை இரண்டு தரம் பார்த்தேன். வெளிச்சம் சரியாக வந்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் ஒரு பெடியன் கடைக்குள் வந்து, உறை கழற்றாத நிக்கோன் ஒன்றை மேசையில் வைத்தான். தாத்தாவுடையது, புதுசு மாதிரி, என்ன விலை போகும் என்றான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் கமராவை எடுத்து, சில்லை ஒரு செக்கனுக்குத் திருப்பி, காதில் வைத்துவிட்டாள்.

“திக்குது அங்கிள்.”